பூஜ்யம் போடாத மாப்பிள்ளை

எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் காதுபட யாரும் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தோம். போன வாரம்கூட, பால் இருக்கிறதா என்று கேட்டார். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றேன். "பின்வரிசையில பார்த்தீங்களா? அந்தப் பெரிய பாத்திரத்துக்குப் பின்னாடி?" என்றார். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். "அப்போ முன்வரிசையில இல்லைன்னுதான் சொல்லணும், மச்சான்" என்றார். கோபமாக இல்லை, களைப்பாக. ஆயிரம் தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்கிறவரின் குரல் அது. பின்வரிசையிலும் பால் இல்லை என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். ஐம்பத்தாறு வயது, தலை முழுக்க நரை, முட்டிவலி. இந்த வயதில் ஒரு மனிதரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, வாய் பழகிவிட்டது. அவர்கள் தரைத்தளத்தில், நான் மாடியில். வேலையும் ஒரே இடத்தில்தான். ஊருக்கு வெளியே இருக்கும் ரேடியோ தொலைநோக்கி மையத்தில் நான் குளிரூட்டும் பிரிவில் மெக்கானிக். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையை வாங்கும் ரிசீவர் சூடாக இருந்தால் தன் இரைச்சலிலேயே செவிடாகிவிடும். அதை ஹீலியம் வாயு வைத்துக் கடுங்குளிரில் வைத்திருப்பது என் பிழைப்பு. அங்கே எனக்கு 'ஃப்ரிட்ஜ்காரர்' என்று பெயர். மாப்பிள்ளைக்கு 'அம்பு சார்' என்று பெயர்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல, முதலில் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கோ நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் இடிந்து விழும்போது, சில நொடிகளுக்குக் காமா கதிர் வெடிப்பு ஒன்று நடக்கும். செயற்கைக்கோள் அதைப் பிடித்து ஊருக்கெல்லாம் தகவல் அனுப்பும். அந்தச் சில நொடிகளில் மாப்பிள்ளைக்கு அக்கறையே கிடையாது. "அது கத்திட்டுப் போயிடும், மச்சான். அப்புறம்தான் நம்ம வேலை" என்பார். அப்புறம் வருவது பின்னொளி. வெடிப்பிலிருந்து சீறிக் கிளம்பியது, சுற்றியிருக்கும் வாயுவில் மோதி ஒளிரும். முதலில் எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரியும். வேகம் குறையக் குறைய ஒளியும் கீழ் அலைவரிசைகளுக்கு இறங்கும். கண்ணால் பார்க்கும் வெளிச்சம் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள். கடைசியில் ரேடியோ அலை. அது மட்டும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

இத்தனையும் சேர்ந்து எந்த ஒரு தொலைநோக்கிக்கும் தெரியாது. செயற்கைக்கோள்காரர்கள் எக்ஸ் கதிரைப் பார்ப்பார்கள், மலை உச்சியில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், நாங்கள் ரேடியோவைப் பார்ப்போம். ஆளுக்கு ஒரு பட்டியல் அனுப்புவார்கள், ஆளுக்கு ஓர் அளவு. ஒருவர் அளவில் எண் ஏறினால் வெளிச்சம் குறைகிறது என்று அர்த்தம். இன்னொருவருக்கு எண் ஏறினால் வெளிச்சம் ஏறுகிறது. ஒருவர் வெடித்த நொடியிலிருந்து நேரத்தை எண்ணுவார், இன்னொருவர் தன் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். இதையெல்லாம் ஒரே அளவுக்கும் ஒரே கடிகாரத்துக்கும் மாற்றி ஒரே வரைபடத்தில் உட்கார வைப்பது மாப்பிள்ளையின் வேலை. இருபத்து மூன்று வருடமாக இதே வேலை. பார்க்கிற எனக்கே அலுத்துப்போகிறது, அவருக்கு எப்படி இருக்கும்.

அவருடைய அறை படிக்கட்டுக்கும் சாமான் அறைக்கும் நடுவில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் ஸ்டாண்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. நாற்காலியின் பஞ்சு ஒரு பக்கம் வெளியே வந்து, அதன் மேல் அவர் மடித்துப் போட்ட துண்டு. சுவர் முழுக்க வரைபடங்கள், எல்லாமே இடது மேல் மூலையில் தொடங்கி வலது கீழ் மூலைக்குச் சரிகின்றன. பின்னொளி என்றால் மங்கத்தானே செய்யும். காலையில் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவருக்கு உற்சாகம் எங்கிருந்து வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு தப்பு செய்தார். ஒரு வெடிப்பின் பதினோராவது நாளுக்கு, மலை உச்சிக்காரர் ஒருவர் 'பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று அடித்தார். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம்தானே, யாராக இருந்தாலும் அப்படித்தான் அடிப்போம். அந்த ஒரு பூஜ்யம், மெதுவாகச் சரிந்துகொண்டிருந்த கோட்டைப் பிடித்துச் செங்குத்தாகக் கீழே இழுத்துவிட்டது. மையத்தின் அப்போதைய தலைவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒளி இப்படித் திடீரென்று விழுந்தால், வெடிப்பு நாலாபக்கமும் பரவவில்லை, நம்மைப் பார்த்து ஊசிபோலப் பாய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். கட்டுரை எழுதி வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வேறொரு மையத்திலிருந்து கடிதம் வந்தது. அதே பதினோராவது நாளில் அவர்களும் பார்த்திருக்கிறார்கள். அது நன்றாகவே தெரிந்திருக்கிறது. மலை உச்சியில் அன்றைக்கு மெல்லிய மேகம், அவ்வளவுதான். கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். தலைவர் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று என் தங்கை பிறகு சொன்னாள்.

அன்றைக்குப் பிறகு அவர் பூஜ்யம் போட்டதே இல்லை. பார்த்தும் தெரியவில்லை என்றால், 'எவ்வளவு மங்கலாக இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்?' என்று கேட்டு எழுதுவார். பதில் வரும்வரை விடமாட்டார். அந்த அளவில் ஒரு சின்னக் கோடு போட்டு, அதிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு வரைவார். இதற்கு மேல் பிரகாசமாக இல்லை, இதற்குக் கீழே எங்காவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பது அந்த அம்பின் பொருள். அம்பு சார் ஆனது அப்படித்தான்.

இப்போது என் தங்கை. அவள் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுப்பவள். இருபது வருடமாகத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் மறக்கும் பிரேக்கைத் தன் பக்கத்தில் மிதித்துக்கொண்டு வாழ்கிறவள். எதற்கும் அசரமாட்டாள். போன வருடம் அவளுடைய இடது சிறுநீரகத்தில் கட்டி என்றார்கள். அதை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை நடந்த அன்றைக்கு மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. புதிதாக ஒரு வெடிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் எடுத்துப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் அவர் எடுக்காமல் விட்ட ஒரே தகவல் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து முதல் ஸ்கேன். மூன்று பேரும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் படத்தை விளக்கில் பார்த்தார், சிரித்தார். "ஒண்ணுமில்லைம்மா. சுத்தமா இருக்கு" என்றார். என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதமாக அவள் அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அப்போது பார்த்து மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"எவ்வளவு சின்னதா இருந்தா இதுல தெரியாம போகும், டாக்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை விடுவாரா. "இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்? இவ்வளவுக்கு மேல இல்லைன்னுதானே சொல்ல முடியும்" என்றார். டாக்டர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்து, "அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா தெரியறது கஷ்டம்தான்" என்றார்.

என் கையிலிருந்து தங்கையின் கை விலகியது. வீடு வரை அவள்தான் கார் ஓட்டினாள். ஒவ்வொரு சிக்னலிலும் சரியாக நின்றாள், சரியாகக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு? அவ என்ன உங்க வெடிப்பா?"

"பொய் சொன்னா நிம்மதியா இருக்குமா, மச்சான்?" என்றார்.

"அவர் சொன்னது பொய்யா? உலகத்துல எல்லா டாக்டரும் அப்படித்தானே சொல்றாங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கழற்றிய செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாடிக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் மாத ஸ்கேனுக்கு அவள் கணவரோடுதான் போனாள். மாப்பிள்ளையை டாக்டர் அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டாள். "நீங்க இங்கயே இருங்க" என்றாள், பயிற்சிக்கு வந்தவரிடம் சொல்லும் அதே குரலில். ஒன்றுமில்லை என்ற பதிலை உள்ளே தனியாக வாங்கிக்கொண்டு வந்தாள். ஆனால் அது அவளுக்குச் செரிக்கவில்லை. ஐந்து மில்லிமீட்டர் காதில் விழுந்துவிட்டதே, அதை எப்படித் திரும்ப எடுப்பது.

ஆறாம் மாதம் அவள் போகவில்லை. இந்த நோய் திரும்பி வருவதென்றால் முதல் வருடத்தில்தான் அதிகம், ஆறாம் மாதத்தைத் தவற விடாதீர்கள் என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். சீக்கிரம் பார்த்தால் ஒரு வழி உண்டு, பார்க்காமல் விட்டால் கை மீறிவிடும் என்றார். இவள் கேட்கவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன்.

"எதுக்கு அண்ணா போகணும்? ஒண்ணுமில்லைம்பாங்க. அதுக்குக் கீழ இருக்குமோன்னு நான் உட்கார்ந்து யோசிக்கணும். போகலைன்னா அந்தத் தொல்லையாவது இல்லை" என்றாள். "உன் மாப்பிள்ளைக்கே நம்பிக்கை இல்லை, எனக்கு எங்கிருந்து வரும்?"

மாப்பிள்ளையும் சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சை எடுத்தாலே அவள் சாவியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். ஏழாம் மாதம் போயிற்று. எட்டாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஒரே வீட்டில் மூன்று மூலையில் சோர்ந்து கிடந்தோம்.

அப்படியிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ரிசீவரைக் குளிர வைக்கும் கம்ப்ரஸர் மக்கர் செய்யத் தொடங்கியது. திங்களன்று நிறுத்தினால்தான் ஆயிற்று. நிறுத்தினால் மூன்று வாரம் ரேடியோ கிடையாது. இதை மாப்பிள்ளையிடம் சொல்லப் போனேன், சண்டைக்குத் தயாராகவே போனேன். அறுவை சிகிச்சை அன்று நடந்ததே ஒரு வெடிப்பு, அதன் பின்னொளியைத்தான் அவர் அப்போது தொடர்ந்துகொண்டிருந்தார். எக்ஸ் கதிர் இருபதாம் நாளோடு போய்விட்டது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அறுபதாம் நாளோடு போய்விட்டது. ரேடியோ மட்டும் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அதைப் பார்க்க வேண்டிய நாள்.

சொன்னேன். "சரி, மச்சான். அந்த இடத்தைக் காலியா விட்டுடறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே மனிதர், ஒரு நாள் தள்ளிப்போடுங்கள் என்று என் கம்ப்ரஸர் அறை வாசலிலேயே இரண்டு மணி நேரம் நின்றவர். சுவரைப் பார்த்தேன். அந்த வெடிப்பின் வரைபடம் வண்ண வண்ணப் புள்ளிகளோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தாள். கீழே 'நாள்' என்று மட்டும் எழுதியிருந்தது. முப்பத்தோராவது நாளில் ஓர் அம்பு, தொண்ணூற்றிரண்டாவது நாளில் ஓர் அம்பு. நூற்றெண்பதில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, அதன் மேல் எதுவும் இல்லை.

"இது என்ன மாப்பிள்ளை, ஒரு புள்ளிகூடத் தேறாத வெடிப்பு?" என்று கிண்டலாகக் கேட்டேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"அது உங்க தங்கச்சி" என்றார்.

நான் அந்த வாளிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏசி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் ஆகி இன்னைக்கு இருநூத்தி நாப்பத்தி ஒண்ணாவது நாள்" என்றார். "இருபத்து மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் புள்ளி வரணும் வரணும்னுதான் உட்கார்ந்திருக்கேன், மச்சான். இந்த ஒரு தாள்லதான் அம்பு மட்டும் வந்தா போதும்னு கேக்கறேன். அதைக்கூட போட விடமாட்டேங்கறா."

"பூஜ்யம்னே போட்டுட்டு அன்னைக்கே சந்தோஷமா வந்திருக்கலாமே."

"பூஜ்யம் போட்டா விஷயம் முடிஞ்சிடும். அப்புறம் யாரும் பார்க்க மாட்டாங்க. நானும் விட்டுடுவேன். அந்தப் பயத்துலதான் கேட்டேன். அவ முன்னாடி கேட்டிருக்கக் கூடாது. அது என் புத்திகெட்டத்தனம்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அந்தத் தாளைச் சுவரிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டேன். திருட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் தங்கையை டிரைவிங் ஸ்கூல் வாசலில் பிடித்தேன். அடுத்த வகுப்புக்கு ஆள் வரப் பத்து நிமிடம் இருந்தது. காரிலேயே உட்கார்ந்து தாளைக் கொடுத்தேன்.

"என்ன இது?"

"நீதான். அவர் சுவத்துல இருந்த."

முதலில் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னையும் கொண்டுபோய் ஒட்டிட்டாரா?" என்றாள். அவள் ஸ்டியரிங் மேல் தாளை விரித்து வைத்துப் பார்த்தாள்.

"இந்த அம்பு?"

"நாம போய்ப் பார்த்த நாள். அந்தக் கோட்டுக்கு மேல எதுவும் இல்லைன்னு அர்த்தம்."

"இங்க ஏன் காலி?" நூற்றெண்பதின் மேல் விரல் வைத்திருந்தாள்.

"அன்னைக்கு யாரும் பார்க்கலை."

பயிற்சிக்கு வந்தவர் கண்ணாடியைத் தட்டினார். அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "இறங்கு அண்ணா, வகுப்பு இருக்கு" என்றாள். நான் இறங்கினேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

திங்கள் மாலை போன் வந்தது. "நாளைக்கு லீவு போடு. அவர்கிட்ட சொல்லாதே" என்றாள். ரிசீவரை நிறுத்தியாகிவிட்டது. அது மெதுவாகச் சூடேற இரண்டு நாள் ஆகும், அதுவரை எனக்கு அங்கே வேலை இல்லை. போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் ஒருவர் அதே செய்தித்தாளை மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார். என் தங்கையின் வலது கால் அடிக்கடி தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்கை மிதிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார், நாங்கள் டாக்டரைப் பார்த்தோம். "ஒண்ணுமில்லைம்மா" என்றார்.

"எவ்வளவு சின்னது வரைக்கும் உங்களுக்குத் தெரியும், டாக்டர்?" என்று கேட்டாள் என் தங்கை.

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். யாரோ ஒருவர் முன்பு இதையே கேட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "முன்னாடி அஞ்சுன்னு சொல்லியிருப்பேன். இப்போ புது மெஷின். மூணு மில்லிமீட்டர் இருந்தாகூடத் தெரியும்" என்றார்.

கார் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே மையத்துக்கு விட்டாள். இருபத்து மூன்று வருடத்தில் அவள் அவருடைய அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை யாருடைய பட்டியலையோ திருத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. பட்டப்பகலில் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது.

"மூணு மில்லிக்குக் கீழ" என்றாள்.

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, "புது மெஷினா?" என்று கேட்டார். மனிதரைத் திருத்தவே முடியாது.

"ஆமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. என் தங்கை அருகில் போய் அவர் தலையில் கை வைத்தாள். நான் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்து, "ஒண்ணுமில்லைன்னே வெச்சுக்கலாம்" என்றார். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். "அம்பு போடுங்க."

இருநூற்று நாற்பத்தைந்தாவது நாளில், முந்தைய இரண்டையும்விடக் கீழே, அவர் ஒரு கோடு போட்டு அம்பு வரைந்தார். அம்பு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. நூற்றெண்பதில் இருந்த காலி இடத்தை இரண்டு பேருமே பார்த்தார்கள்.

"அடுத்தது எப்போ?" என்று கேட்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு. நானூத்தி இருபத்தஞ்சு."

அவள் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள். "அன்னைக்கு நீங்களும் உள்ள வாங்க" என்றாள். "ஆனா கேள்வியை நான்தான் கேப்பேன்."

மாப்பிள்ளை சரியென்று தலையாட்டினார்.